ஏஞ்சல் செய்த மண்

கல்யாண மண்டபத்தில் காய் நறுக்குகிறவர்களுக்கு முகூர்த்தம் முந்தின நாள் மத்தியானமே தொடங்கிவிடும். வாலாஜாபாத் சாலையில் ராஜகோபாலின் மண்டபத்தில் ஏஞ்சல் வெகு நாளாக அந்த வேலையைத்தான் பார்த்துவந்தாள். பூசணி, சுரைக்காய், வாழைக்காய், முட்டைக்கோஸ் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது ஒரு பக்கம் நறுக்கிய காய் குவிந்திருக்கும்; இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய குவியலாகத் தோலும் காம்பும் கிடக்கும். காய் எங்கே போகிறது என்பது தெரியும். தோல், குப்பை வண்டி வரும்வரை சமையல்கட்டுக்குப் பின்னால் கிடந்து நாறும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு கல்யாணம். தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு செடியும் கொடுத்தார்கள். பாதிப்பேர் செடியை நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மிஞ்சியதில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை ஏஞ்சல் எடுத்துக்கொண்டாள். அவள் வீடு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கணவன் மணிவண்ணன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். பட்டுநூல் மூட்டை, வாடகைப் பாத்திரம், வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். அவன் கொண்டுவந்து கொடுத்த பெயிண்ட் வாளியில், எதிரே வீடு கட்டுமிடத்தில் கிடந்த மண்ணை அள்ளிப்போட்டு ஏஞ்சல் கன்றை நட்டாள். இலை மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்த கல்யாணத்தில் இன்னொன்று எடுத்துவந்தாள். அதுவும் போயிற்று.

மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி சைதுன் என்ற அம்மாள் செடிக்கடை வைத்திருந்தாள். ஏஞ்சல் செத்துப்போன கன்றை வேரோடு கொண்டுபோய்க் காட்டினாள். சைதுன் வேரில் ஒட்டியிருந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"எங்கம்மா புடிச்ச இந்த மண்ண?"

"வீடு கட்ற எடத்துல கெடந்துச்சுக்கா."

"இது மண்ணே இல்ல. செங்கல் தூளும் சிமெண்டும். இதுல வேரு எத சாப்புடும்?"

கடையின் பின்புறம் ஈரச்சாக்கு போர்த்திய தொட்டி ஒன்று இருந்தது. சைதுன் சாக்கை விலக்கி ஒரு கை அள்ளி நீட்டினாள். தேயிலைத்தூள் மாதிரி கறுப்பாக, உருண்டை உருண்டையாக இருந்தது. "புழு சாப்பிட்டு வெளிய போட்டது" என்றாள். ஏஞ்சல் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே வெட்கமாகி மறுபடி நீட்டினாள். கோடையில் முதல் மழை விழுந்ததும் எழும் வாசனைதான் வந்தது. அவள் எதிர்பார்த்த நாற்றம் எங்குமே இல்லை.

"காய்கறித் தோலு, பழைய சாணி, கொஞ்சம் ஈரம். அவ்ளோதான் இதுங்களுக்கு" என்று சொல்லி, சைதுன் ஒரு தயிர் டப்பாவில் கொஞ்சம் புழுக்களைப் போட்டுக் கொடுத்தாள்.

அப்படித்தான் மொட்டைமாடியில் உடைந்த சின்டெக்ஸ் தொட்டி ஒன்றில் ஏஞ்சலின் புழுக்கள் குடியேறின. ஆசையில் அவள் அளவு தெரியாமல் போட்டாள். பந்தியில் மிஞ்சிய சாம்பார் சாதம், பிழிந்த எலுமிச்சை மூடி, வெங்காயத் தோல், எல்லாம் உள்ளே போயிற்று. தொட்டிக்குள் கை வைத்தால் சுட்டது. ஒரு மழை நாளில் புளிப்பும் சூடும் தாங்காமல் புழுக்கள் தொட்டியைவிட்டு ஏறி வெளியே வந்து, படிக்கட்டு வழியாக ஊர்ந்து, கீழ்வீட்டுக் கமலாட்சியின் வாசல் கோலத்தின் மேல் நெளிந்தன. கமலாட்சி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"நீ வளக்கறது உன் வீட்டோட இருக்கணும் ஏஞ்சலு. காலைல கதவத் தொறந்தா எனக்கு கொமட்டிக்கினு வருது."

குடியிருப்புக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மாடியில் தொட்டி கூடாது என்று முடிவாயிற்று. கமலாட்சி சொன்னதில் தப்பில்லை என்பது ஏஞ்சலுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தொட்டியைக் கவிழ்த்துவிட மனம் வரவில்லை. ஒரு சதுரடி தரைகூடத் தனக்கென்று இல்லாதவள் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் ராஜகோபாலிடம் கேட்டாள். அவர் கல்லாவில் உட்கார்ந்து யாரோடோ போனில் பேசிக்கொண்டே கையை ஆட்டினார். பேசி முடித்தபிறகு சொன்னார்: "சமையல்கட்டுக்குப் பின்னால சும்மாதானம்மா கெடக்குது. வெச்சுக்க. வாசன மட்டும் உள்ள வரக்கூடாது."

சமையல்கட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நீளமாகக் கிடந்த அந்த இடத்தில் எதுவும் முளைத்ததில்லை. வருடக்கணக்காகப் பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரும், அடுப்புச் சாம்பலும், மண்டபம் கட்டியபோது கொட்டிய சுண்ணாம்பும் சேர்ந்து தரை இறுகியிருந்தது. கடப்பாரையைப் போட்டால் 'ணங்' என்று திரும்பி வந்தது. ஏஞ்சல் ஓர் ஓரத்தில் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறைகளை வைத்து, எறும்பு ஏறாமல் சுற்றிலும் சிமெண்டால் சின்ன வாய்க்கால் கட்டித் தண்ணீர் நிறுத்தினாள். இந்த முறை நிதானமாகப் போனாள். சாணியைக் கொட்டி ஆறப் போட்டு, சூடு முழுக்கப் போனதும்தான் புழுக்களை உள்ளே விட்டாள். உப்பும் எண்ணெயும் பட்டதை ஒதுக்கினாள். எலுமிச்சையை ஒதுக்கினாள். பூசணித் தோலையும் வாழைத்தண்டு நாரையும் பொடியாக நறுக்கி, மெல்லிய படுக்கையாகப் பரப்பி, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தினாள். காய் நறுக்கும் கைக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

கறுப்பாகப் பொலபொலவென்று ஆனதும் தண்ணீரை நிறுத்திவிடுவாள். வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்து வைத்தால் புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து அடியில் போய்விடும். மேலே இருப்பதைக் கையால் வழித்து வழித்துச் சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். முதல் தடவை சலித்ததை அப்படியே ஒரு தொட்டி நிறையப் போட்டுத் தக்காளி நட்டாள். நல்லது என்றால் நிறையப் போடலாம் என்று நினைத்தாள். அது களிமண்போல ஒட்டிக்கொண்டு தண்ணீரை விடாமல் பிடித்து வைத்தது. தக்காளி வேர் அழுகியது. சைதுனிடம் போய்ச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"பிரியாணில மசாலா எவ்ளோ போடுவ? மசாலாவையே சமைச்சு எறக்குவியா?"

அதற்குப் பிறகு ஒரு பங்கு புழு உரத்துக்கு மூன்று பங்கு செம்மண்ணும் தேங்காய்நார்த் தூளும் என்று கலந்தாள். சுவரோரத் தொட்டிகளில் செடிகள் பிடித்துக்கொண்டன. மிச்ச உரத்தை அந்த இறுகிய தரைமேல் தூவி, வைக்கோலும் வாழைச்சருகும் மூடித் தண்ணீர் தெளித்துவந்தாள். அடுத்த வருடம் கடப்பாரை கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த வருடம் மழைக்குப் பிறகு கையாலேயே கிளற முடிந்தது. அவரை ஏறியது, கத்தரி காய்த்தது, வாழை குலை தள்ளியது, கறிவேப்பிலைக் கன்றும் இந்த முறை பிழைத்து மரமானது. சமையல் மாஸ்டர் தாளிப்பு நேரத்தில் கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் எட்டிக் கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு போவார். வேலை ஓய்ந்த நேரங்களில் ஏஞ்சல் அங்கே வெறுமனே உட்கார்ந்திருப்பாள். அவள் வாழ்க்கையில் வெறுமனே உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான்.

ஆடி மாதம் பிறந்தது. கல்யாணம் இல்லாததால் மண்டபத்தில் வெள்ளையடிப்பும் பழுதுபார்ப்பும் நடந்தன. ஒருநாள் உறைகளுக்குத் தண்ணீர் தெளிக்க வந்தபோது ராஜகோபாலும் ஒரு கான்ட்ராக்டரும் தோட்டத்துக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வருகிற கார்கள் சாலையில் நிற்பதால் தகராறு வருகிறது, மதிலோரம் முழுக்கக் கல் பாவி வண்டி நிறுத்த இடம் செய்ய வேண்டும் என்று ராஜகோபால் சொல்லிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சார், இந்த மண்ண எனக்கே விட்டுடுங்க. பங்களா தோட்டம் ஒண்ணு கையில இருக்குது, அதுக்கு ஆவும். நானே வழிச்சு எடுத்துக்கினு போயிடறேன்."

"எடுத்துக்கங்க, எனக்கு தரை காலியானா போதும்" என்றார் ராஜகோபால். அப்போதுதான் ஏஞ்சலைப் பார்த்தார். "உன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன்மா. வேற வழி இல்ல."

ஏஞ்சல் தலையை ஆட்டினாள். இடம் போவது அவளுக்கு அதிர்ச்சியாக இல்லை. என்றைக்காவது போகும் என்று தெரிந்துதான் இருந்தாள். அந்தக் கான்ட்ராக்டர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்ததுதான் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வீட்டில் மணிவண்ணனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே யோசித்தான்.

"அவரு எடம். இத்தன நாள் விட்டதே பெருசு. நாம இன்னா கேக்க முடியும்?"

"எடத்த கேக்கல. மண்ணு நான் செஞ்சது."

"எடம் வேற, மண்ணு வேறயா?"

தென்னேரியில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

வீரபத்திரன் தென்னேரி ஏரிப் பாசனத்தில் ஒரே குடும்பத்தின் நிலத்தில் ஆயுசுக்கும் கூலிவேலை செய்தவர். ஏஞ்சலின் அம்மா சர்ச்சுக்குப் போகத் தொடங்கிய வருடம் அவள் பிறந்ததால் அந்தப் பெயர் வந்தது. அப்பா தன் பெயரையும் மாற்றவில்லை, நெற்றித் திருநீற்றையும் விடவில்லை. கோடையில் ஏரி வற்றினால் வண்டல் வெட்டிக் கூடை கூடையாக அந்த நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. சிறுமியாக ஏஞ்சலும் தலையில் சுமந்திருக்கிறாள். பிறகு அந்த நிலம் மனைப்பிரிவுக்கு விற்றுப்போனது. ஜேசிபி மேல்மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றுவதை அப்பா வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை அவள் நேரில் கண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

இப்போது போனில் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "மண்ணு நெலத்துக்காரனுதுமா. நாக்குப்பூச்சிக்காக போயி வம்பு வளக்காத" என்றார். மண்புழுவுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது.

அன்று முழுக்க அவள் மனதுக்குள் வழக்காடிக்கொண்டே இருந்தாள். தோல் மண்டபத்தினுடையது. தண்ணீர் மண்டபத்தினுடையது. சாணி யார் வீட்டு மாட்டினுடையதோ. புழு சைதுன் கொடுத்தது. இதில் என்னுடையது என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் நறுக்கியதும் சுமந்ததும் பார்த்துக்கொண்டதும்தான் மிஞ்சின. அப்பாவும் அதைத்தான் செய்தார். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்று தெரியாது. கேட்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. தனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியபிறகு சும்மா இருப்பது அவரைவிட மோசம் என்று பட்டது.

காலையில் ராஜகோபால் மண்டபத்து வாசலில் வண்ணம் பூசுகிறவர்களோடு நின்றிருந்தார். ஏஞ்சல் அவர்கள் நகரும்வரை காத்திருந்தாள்.

"ஐயா, பின்னால கல்லு பாவறதுக்கு நான் எதுவும் சொல்லல. அது உங்க எடம்."

"இன்னாம்மா, சொல்லு."

"மண்ண நான் எடுத்துக்கினு போறேன். அந்தக் கான்ட்ராக்டருக்கு வேணாம்."

ராஜகோபால் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவருகிட்ட வாய விட்டுட்டனேம்மா. மண்ணுதானே, வெளிய போறதுதானே?"

"நான் வந்தப்ப அங்க கடப்பார எறங்கல. உங்களுக்கே தெரியும். இப்ப இருக்கறது மொத்தமும் புழு போட்டதும் நான் போட்டதும். தோலு உங்களுதுதான், இல்லன்னு சொல்லல. நீங்க குப்பைன்னு போட்டீங்க, நான் மண்ணா ஆக்கினேன். இது யாரு தோட்டத்துக்கோ போறத என்னால பாக்க முடியாது."

ஏஞ்சல் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தவுடன் பயமும் வந்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிடுவியா?" என்றார் கடைசியில். "திங்கக்கெழம ஆளுங்க வந்துடுவாங்க. அவருகிட்ட நான் பேசிக்கறேன்."

எடுத்துக்கொண்டு போவது எங்கே என்பது அப்புறம்தான் உறைத்தது. கமலாட்சியிடம், குடியிருப்புக்குக் கீழே குழாயடிப் பக்கம் கொட்டலாமா என்று கேட்டாள். "மறுபடியும் மொதல்லேந்து ஆரம்பிக்காதம்மா" என்று கமலாட்சி கைகூப்பிவிட்டு, அரிசி வந்த காலிச் சாக்குகளை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். தென்னேரியில் அரசாங்கம் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டுக்குப் பின்னால் கட்டாந்தரையாகக் கொஞ்சம் இடம் இருந்தது. பட்டா அப்பா பெயரில். மணிவண்ணன்தான் அதை ஞாபகப்படுத்தினான்.

சனிக்கிழமை காலை அவன் குட்டியானையைப் பின்பக்கமாக விட்டான். முதல் பஸ்ஸில் வீரபத்திரன் மண்வெட்டியோடு வந்து இறங்கினார். இடம் கேட்டுப் போன் செய்ததோடு சரி, யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வந்தவர் வேட்டியை மடித்துக்கட்டி மூலையிலிருந்து வெட்டத் தொடங்கினார். ஒரு வெட்டுக்கு நிறுத்தி, மண்வெட்டியில் வந்ததைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. அடுத்த வெட்டை அவர் மேலோட்டமாக, பக்கவாட்டில் சீவுகிற மாதிரி போட்டார்.

வெட்ட வெட்டத்தான் தெரிந்தது, அந்த மண் ஒரு சாண் ஆழத்துக்குமேல் இல்லை. அதற்குக் கீழே பழைய சுண்ணாம்புத் தரை வெள்ளையாக அப்படியே கிடந்தது. ராஜகோபால் பின்பக்கம் வந்து பார்த்துவிட்டு, "இவ்ளோதான் இருந்துச்சா?" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. ஏஞ்சலுக்கும் அதே கேள்விதான். இத்தனை வருடமும் ஒரு சாண்தான். ஆனால் அந்த ஒரு சாணில் அத்தனையும் முளைத்திருந்தது. கறிவேப்பிலை மரத்தைப் பெயர்க்க முடியவில்லை. வேர் சுவருக்குள் போயிருந்தது. அதை வெட்டும்போது மாஸ்டர் வந்து கிளைகளைக் கட்டாகக் கட்டி எடுத்துப்போனார்.

தென்னேரியில் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. சாக்கு மூட்டைகள் வெயிலில் கிடந்ததில் புழுக்களில் பெரும்பகுதி வெந்து செத்தன. பரப்பிய மண்ணில் ஒரு பாகத்தை முதல் மழையே அடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு முற்றத்தில் சேர்த்தது. ஆடுகள் புகுந்து கத்தரி நாற்றைக் கடித்தன. உயிரோடு இருந்த புழுக்களை ஏஞ்சல் மறுபடி உறையில் விட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்டபத்துத் தோலைப் பைகளில் கட்டிக்கொண்டு போனாள். ஆவணியில் கல்யாணங்கள் தொடங்கின, தோலுக்குக் குறைவில்லை. புதிதாகப் பாவிய கல்லுக்கு ஓரமாக வைக்கத் தொட்டிச்செடி வேண்டும் என்று ராஜகோபால் கேட்டார். கலந்து கொண்டுவருகிறேன் என்றாள். அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில் அவளுக்குச் சங்கடம் எதுவும் இருக்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீரபத்திரன் வேலி கட்டினார், தடியோடு உட்கார்ந்து ஆடு விரட்டினார், சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் விட்டார். ஆனால் எதையும் அவராக நடவில்லை. ஏஞ்சல் வரும்வரை பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

"இன்னா போடணும் சொல்லுமா" என்றார் ஒருநாள்.

"உனுக்கு எது புடிக்குதோ அத போடு நைனா."

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார். நெல் போடு என்றால் நெல், மல்லாட்டை போடு என்றால் வேர்க்கடலை என்று நட்டு வளர்த்தவர். உனக்கு எது பிடிக்கும் என்று மண்ணைக் காட்டி அவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அடுத்த வாரம் கேட்டபோதும், "பாக்கலாம், பாக்கலாம்" என்று நழுவினார். ஏஞ்சலும் வற்புறுத்தவில்லை.

மூன்றாவது வாரம் அவள் புழு உரத்தைச் சலித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார்.

"சாமந்தி வெக்கலாமா?"

"சாமந்தியா?"

"திங்கறதுக்கே வெக்கணுமா இன்னா?" என்றார், யாரோ சண்டைக்கு வந்ததுபோல. பிறகு குரலை இறக்கி, "மஞ்ச சாமந்தி. மார்கழில பூக்கும்" என்றார்.

வேலியோரத்தில் அவர் ஏற்கெனவே குழிகளை வெட்டி வைத்திருப்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். நூல் பிடித்தமாதிரி வரிசையாக இருந்தன. மணிவண்ணன் வண்டியைக் கிளப்பி வாசலில் ஹார்ன் அடித்தான். ஏஞ்சல் சலித்த உரத்தைச் சட்டியில் எடுத்துக்கொண்டு போய்க் குழிக்கு ஒரு கை வீதம் போட்டாள். அப்பா பின்னாலேயே வந்து மண்ணோடு அதைக் கலந்துவிட்டார்.

"நாத்து கெடைக்கணுமே" என்றார்.

"சைதுன் அக்காகிட்ட கேட்டு அடுத்த வாரம் எடுத்துக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தண்ணீர் விடக் குடத்தை எடுத்தாள்.